கடலடி மேப்புல எங்க பாரு எங்கடே? நீரோடிப் பையனுக்கு ஒரு நீளமான பதில்

தம்பி, நீ கேட்டது இதாக்கும். வீடு கன்னியாகுமரி ஜில்லா நீரோடி, அப்பா வள்ளத்துல மீன் பிடிக்கப் போறவர், நீ திருவனந்தபுரத்துல கடல் உயிரியல் படிக்க. கிளாஸ்ல கடலடி வாழிட மேப்பிங்ண்ணு ஒரு பேப்பர், சத்தத்த வச்சு எடுக்குத சோனார் படமும் கலர் கலரா மேப்பும் காட்டுதாங்க, அத வீட்டுல அப்பாக்கிட்ட காட்டினா "இதுல எங்க பாரு எங்கடே?"ண்ணு கேட்டு சிரிக்காரு, பாருண்ணா கடலுக்க அடியில உள்ள கல்லுத் திட்டு. அப்போ இந்த மேப்ப எப்படிப் போடுதாங்க, எவ்வளவு நம்பலாம், பழைய ஆட்களுக்க பாரு அறிவுக்கு அதுல இடம் உண்டா, நம்ம பாரெல்லாம் மேப்புல ஏறினா நமக்கு நல்லதா கெட்டதா. நாலு கேள்வி. மொத ரெண்டுக்கும் பதில் சொல்ல லேசு, பின்ன ரெண்டும் தான் இழுக்கும்.

நான் தூத்தூர் பக்கம். 11 வருஷம் சர்வே கப்பல்ல சோனார் பாத்தேன், கூடுதலும் கல்ஃப்ல, பைப் போடுத வேலைக்கு முன்னால கடலடியப் படம் எடுக்கணும்லா, அந்த வேல. இப்போ ஊருல தான், சின்ன சர்வேக்கு விளிச்சா போவேன். அதனால நான் சொல்லுதது புஸ்தகத்துல உள்ளது பாதி, டெக்குல நின்னு கண்டது பாதிண்ணு வச்சுக்க.

உங்க அப்பா சிரிச்சது சரியாக்கும். ஏன்னா அவரு கேக்குதது ஒண்ணு, மேப்பு காட்டுதது வேற ஒண்ணு. மேப்பு காட்டுதது ஆழம். அவரு கேக்குதது அங்க என்ன உண்டு, ஆரு குடியிருக்கா. ஆழத்துல இருந்து குடியிருப்புக்குப் போக நடுவுல மூணு நாலு படி உண்டு, ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் ஊகம் கலக்கும், கடைசில கலர் அடிச்சுக் காட்டும்போ அந்த ஊகம் எல்லாம் உறுதி மாதிரி தெரியும், அங்க தான் ஏமாந்து போவோம்.

மொத படியப் பாப்போம். சத்தம் கடல்வெள்ளத்துல நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும். 40 பாகம்ண்ணா ஏறக்குறைய 73 மீட்டர், மேல இருந்து விட்ட சத்தம் தரையில முட்டித் திரும்பி வர ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு. அந்த நேரத்த அளந்தா ஆழம் கிட்டும். நம்ம வள்ளத்துல ஆழம் பாக்க இருக்க எக்கோ மெஷினும் இதத்தான் செய்யுது, நேர் கீழ ஒரே ஒரு கதிர். மல்டிபீம்ண்ணு சொல்லுததுல ஒரே நேரத்துல சில நூறு கதிர் விசிறி மாதிரி ரெண்டு பக்கமும் போகும், அதனால கப்பல் போற வழியில ஒரு கோடு கிட்டாம ஒரு பாயி விரிச்ச மாதிரி பட்டையா கிட்டும். ஆனா சத்தத்துக்க வேகம் எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்ல, வெள்ளத்துக்க சூட்டுக்கும் உப்புக்கும் தக்கன மாறும், மேல சூடு கீழ குளிருண்ணா கதிர் வளைஞ்சு போகும், அதுக்கு வேண்டி இடைக்கிடைக்கு ஒரு கருவியக் கீழ இறக்கி மேல இருந்து அடி வரைக்கும் அளந்து கணக்க சரி பண்ணணும். அத மடி பிடிச்சு விட்டுட்டோம்ண்ணா தட்டையான தரை கூட ஓரத்துல சிரிச்ச வாய் மாதிரி மேல வளைஞ்சு வரும், நான் ஒரு தடவ அப்படி எடுத்து வாங்கிக் கட்டினது உண்டு.

இங்க ஒரு கோளாறு உண்டு பாத்துக்க, அது ஆளுகளுக்கு அவ்வளவா தெரியாது. அந்த விசிறிக்க அகலம் ஆழத்தப் பொறுத்தாக்கும், சுமாரா ஆழத்துல மூணு மடங்கு மூணரை மடங்குண்ணு வச்சுக்க. 2000 மீட்டர் ஆழத்துல ஒரு தடவ போனா 6, 7 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை கிட்டிரும். நம்ம கரைக்கிட்ட 20 மீட்டர்ல போனா 60, 70 மீட்டர் தான், அதுலயும் பக்கத்துப் பட்டையோட கொஞ்சம் மேல மேல விழணும், கழிச்சா 50. சின்ன போட்டு மணிக்கு 9 கிலோமீட்டர் போகும், அப்போ மணிக்கு அர சதுர கிலோமீட்டர் கூடத் தேறாது. அதனால தான் நடுக்கடல அளக்குதது லேசு, நம்ம கடப்புறத்துக்கு முன்னால உள்ள கடல அளக்குதது கஷ்டம், செலவும் கூடுதல், பாரும் வலையும் அலையும் வேற. மீன்காரன் தினமும் போற இடத்துக்குத் தான் நல்ல மேப்பு இல்ல.

உலகம் முழுக்க உள்ள கணக்கும் சொல்லுதேன். கடலடிய 2030க்குள்ள முழுசா அளக்கணும்ண்ணு சீபெட் 2030ண்ணு ஒரு திட்டம் 2017ல தொடங்குச்சு, அப்போ அளந்து முடிச்சது 6 சதவீதம், 2025 ஜூன்ல 27.3 சதவீதம். கேக்க கொள்ளாம். ஆனா அளந்தாச்சுண்ணு சொல்லுததுக்கு அர்த்தம் என்னண்ணா 1500 மீட்டர் ஆழம் வரைக்கும் 100 மீட்டருக்கு 100 மீட்டர் கட்டம் ஒண்ணுக்கு ஒரு ஆழம் கிட்டினா போதும், அதுக்கும் கீழ போகப் போக கட்டம் பெருசு, ரொம்ப ஆழத்துல 800 மீட்டர் கட்டம். நம்ம பாரு எத்தன மீட்டர் அகலம்? நாப்பது, முப்பது, சிலது ஒரு வீட்டளவு தான் வரும். 100 மீட்டர் கட்டத்துல அது மூச்சு விடாம முங்கிப் போகும். மீதி உள்ள 70 சொச்சம் சதவீதத்துக்கும் போன்ல நீலமா மேடு பள்ளம் காட்டுதேண்ணு கேப்ப, அது செயற்கைக்கோள் கடல் மேல்மட்டத்துக்க ஏத்த இறக்கத்த அளந்து, கீழ மலை இருந்தா அதுக்க ஈர்ப்புல மேல வெள்ளம் கொஞ்சம் குவியும்ங்குத கணக்குல போட்டது, கிலோமீட்டர் கணக்குல உள்ள மலை தான் அதுல தெரியும், பாரு ஒண்ணும் தெரியாது.

கப்பல் அளந்த கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல ஊகிக்குதது புது விஷயமும் இல்ல. 1950கள்ல அமெரிக்காவுல மேரி தார்ப்ண்ணு ஒரு அம்மா, பொம்பளைய கப்பல்ல ஏத்த மாட்டோம்ண்ணு இருந்த காலம், புரூஸ் ஹீசன் முதலான ஆட்கள் கப்பல்ல போய் எடுத்துட்டு வந்த ஆழக் கணக்க மேசையில வச்சு வரைஞ்சே அட்லாண்டிக் நடுவுல நீளமா ஒரு பிளவு ஓடுதத கண்டுபிடிச்சாங்க. மொதல்ல ஹீசனே அத நம்பல. ரெண்டு பேரும் சேந்து பண்ணின முழு உலகக் கடலடிப் படம் 1977ல வந்துது, பாத்தா ஒவ்வொரு மலையும் நேர்ல கண்டு வரைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அதுல பெரும் பங்கு அளக்காத இடம், தெரிஞ்ச நிலவியல வச்சு நிரப்பினது. அவங்க ஊகம் பெரிய அளவுல சரியாயிட்டு. பெரிய அளவுல தான். பாரு அளவுல ஊகம் செல்லாது.

இப்போ ரெண்டாவது படி, தரை கட்டியா இளசாண்ணு. இத உனக்கு வீட்டுல இருக்க எக்கோவ வச்சே காட்டலாம், அப்பா ஏற்கெனவே செய்யுத காரியம் தான். பாறை மேல போகும்போ திரையில தரைக்கோடு தடிச்சு செவப்பா வரும், அதுக்குக் கீழ, சரியா ரெண்டு மடங்கு ஆழத்துல, இன்னொரு மங்கலான கோடும் வரும். 20 பாகத்துல ஓடுத, கீழ 40ல ஒரு பேய்க்கோடு. அது என்னண்ணா சத்தம் பாறையில முட்டி மேல வந்து, கடல் மேல்மட்டத்துல முட்டி மறுபடியும் கீழ போய், மறுபடியும் பாறையில முட்டி வந்தது. சேறாயிருந்தா மொத முட்டுலயே சத்தத்த சேறு குடிச்சிரும், ரெண்டாம் கோடு வராது, மொத கோடும் மெலிஞ்சு இருக்கும். மொத எதிரொலிக்க வாலு எவ்வளவு நீளம்ண்ணு பாத்தா தரை கரடுமுரடா வழுவழுப்பாண்ணு ஒரு ஐடியா கிட்டும், ரெண்டாவது எதிரொலி எவ்வளவு பலம்ண்ணு பாத்தா கட்டியாண்ணு கிட்டும், இந்த ரெண்டையும் வச்சே தரைய வகைப்படுத்துத கருவி ஒரு காலத்துல விக்கவே செஞ்சாங்க. நீ பாக்கணும்ண்ணா எக்கோவுல கெயின ஆட்டோவுல போடாத, ஒரே அளவுல நிறுத்தி வை, இல்லேண்ணா சேறு வரும்போ மெஷினே சத்தத்தக் கூட்டி சேற்றையும் பாறை மாதிரி காட்டிரும். கடல் இளக்கமா இருக்க நாள் பாத்துப் போ. சரிவான பாறையில ரெண்டாம் கோடு பக்கவாட்டுல தெறிச்சு வராம போகவும் செய்யும், அதையும் நினைப்புல வச்சுக்க.

மல்டிபீமும் இதே மாதிரி திரும்பி வர்ற சத்தத்துக்க பலத்தையும் சேத்துப் பதியும், பேக்ஸ்கேட்டர்ண்ணு சொல்லுவாங்க, கட்டித் தரை வெளுத்துத் தெரியும், சேறு கறுத்துத் தெரியும், சில ஆட்கள் கலர தலைகீழாவும் வைப்பாங்க, அதனால படத்துக்க ஓரத்துல உள்ள குறிப்பப் பாக்காம பேசாத. ஆழமும் பலமும் ரெண்டும் கையில இருந்தா மேடு, பள்ளம், சரிவு, கரடு, கட்டிண்ணு தரையத் துண்டு துண்டாப் பிரிக்கலாம். ஆனா பிரிச்ச துண்டுக்கு பேரு வைக்க முடியாது. வெளுப்பாத் தெரியுத துண்டு பாறையா, செத்த சிப்பி குவிஞ்சு கிடக்குதா, கூழாங்கல்லாண்ணு சத்தத்துக்குத் தெரியாது. அதுக்கு கீழ போய் ஒரு கை அள்ளிட்டு வரணும். இது தான் நான் சொல்ல வந்த காரியத்துல முக்கியம், அள்ளாம போட்ட வாழிட மேப்பு எல்லாம் ஜாதகம் மாதிரி.

அள்ளுதது எப்படிண்ணு கேளு. வான் வீன் கிராப்ண்ணு ஒரு இரும்பு வாய், நண்டுக்கால் மாதிரி ரெண்டு தாடை, தரையில முட்டின உடனே கொக்கி விடும், மேல இழுக்கும்போ தாடை மூடும். ஒரு அள்ளு பத்துல ஒரு சதுர மீட்டர் தரை. அத டெக்குல சல்லடையில கொட்டி, அர மில்லிமீட்டர் கண்ணு உள்ள சல்லடை, ஹோஸ் வச்சு பையக் கழுவணும், சேறு எல்லாம் போய் கடைசில சல்லடைக்க அடியில ஒரு பிடி குப்ப மாதிரி நிக்கும். அதுல ஃபார்மலினும் ரோஸ் பெங்கால்ண்ணு ஒரு சாயமும் ஊத்தி வச்சா மறுநாள் உயிரோட இருந்தது எல்லாம் ரோஸ் கலராயிருக்கும், செத்த கூடும் மண்ணும் அப்படியே நிக்கும். மொத தடவ பாத்தப்போ எனக்கு வாய் அடைஞ்சு போச்சு. அந்த ஒரு பிடியில நூல் மாதிரி புழு, கடுகு மாதிரி சிப்பி, தெள்ளு மாதிரி துள்ளுத பிராணி, விரல் நகம் பெரிய நட்சத்திரம். சும்மா சேறு, ஒண்ணும் இல்லாத இடம்ண்ணு நாம சொல்லுத இடம் தான் அது. கரிக்காடி றாலு இந்தச் சேத்துல நிக்குதது சும்மா இல்ல, தீனி அங்க.

மணல்ல வேற கூட்டம், தாடையில மீசை வச்சு மணலக் கிளறித் தின்னுத நவரை, தரையோட ஒட்டிக் கிடக்குத நாக்குமீன். கல்லுல வேற. கல்லுல தான் கடல் பஞ்சு, விசிறி மாதிரி நிக்குத பவளம், அதுக்க நிழல்ல கல்றாலு, பொந்துல கலவா. கரையோட ஒட்டின கல்லுல நம்ம சிப்பி. அந்த பழுப்பு நெறச் சிப்பி கொல்லத்துல இருந்து நம்ம கன்னியாகுமரி வரைக்கும் உள்ள கல்லுகள்ல தான் கெட்டியாப் பிடிச்சுக் கிடக்கு, வடக்க போனா பச்சச் சிப்பிக்க ஊரு. குளச்சல், கடியப்பட்டணம், விழிஞ்ஞம் பக்கம் முங்கிச் சிப்பி எடுக்க ஆளுகளுக்கு எந்தக் கல்லுல எந்த மாசம் பொடிச் சிப்பி பிடிக்கும், எந்தக் கல்லு மணல் மூடிப் போகும்ண்ணு விரல் நுனியில. அஞ்சு பாக ஆழத்துக்கு உள்ள அவங்கள விட நல்ல சர்வேக்காரன நான் கண்டது இல்ல, கரையில அலையடிக்கத இடத்துல சர்வே போட்டுக்கு அண்டவும் முடியாது.

கல்லு எவ்வளவு முக்கியம்ண்ணு கணவாய்க்காரன் கிட்ட கேளு. தேங்கா பறிச்ச பிறகு மிஞ்சுத குலைக் காம்பக் கட்டா கட்டி, மணல் சாக்குல பிணைச்சு, ஒண்ணும் இல்லாத மணல் தரையில இறக்கிட்டு வருவாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் போனா கணவாய் அதுல வந்து முட்டையக் கொத்து கொத்தா ஒட்டி வச்சிருக்கும், ஒட்ட வைக்க ஒரு பிடிமானம் வேணும் அதுக்கு, தரையில வேற ஒண்ணும் இல்ல. முட்டையிட வந்தத தூண்டில் போட்டு எடுப்பாங்க. வாழிடம்ண்ணா என்னண்ணு உங்க சார் ஒரு மணிக்கூர் பேசுததுக்கு இது போதும். அப்படி முட்டையோட பிடிக்குதது சரியாண்ணு ஒரு சண்டை உண்டு, எனக்கும் அது சரியாப் படல, ஆனா அது வேற பேச்சு. 2023ல இருந்து திருவனந்தபுரம் ஜில்லாவுல பொழியூர் தொட்டு வர்க்கலை வரைக்கும் 42 ஊருக்கு முன்னால, ஊருக்கு 150 வீதம் 6300 கான்கிரீட் செயற்கைப் பாரு இறக்கினதும் இதே கணக்குல தான், முக்கோணம், பூ, குழாய்ண்ணு மூணு வடிவம். அத இறக்க முன்னால தரை பாக்கணும், சேத்துல போட்டா இறங்கிப் புதைஞ்சிரும்.

இனி பழைய ஆட்களுக்க காரியம். ஒரு சம்பவம் சொல்லுதேன்.

சில வருஷத்துக்கு முன்ன நம்ம பக்கத்துலயே ஒரு சர்வே, ஆருக்க வேலைண்ணு சொல்லல. பணம் குறைவுண்ணு மல்டிபீம் இல்ல, ஒத்தக் கதிர் எக்கோ தான், 200 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு ஓடினோம். ஆபீசுல கணினியில கோட்டுக்கு நடுவ நிரப்பி மேப்பு வந்தாச்சு, ஒரு பகுதி முழுக்க மணல், தட்டு மாதிரி, அழகான மஞ்சள் கலர். எங்க அம்மைக்க அண்ணன், மாமாக்கு அப்போ 74 வயசு, கட்டுமரத்துல போன காலத்து ஆளு, நான் வீட்டுல லேப்டாப்ப திறந்து வச்சிருந்தப்போ வந்து எட்டிப் பாத்தாரு. மஞ்சள்ல விரல வச்சு "இங்க பாரு உண்டு"ண்ணாரு. நான் இல்ல மாமா அளந்தாச்சுண்ணேன். "நீ அளந்த, நான் தூண்டில அறுத்தவன்"ண்ணு சொல்லிட்டு வெத்தலை போடப் போயிட்டாரு.

மறுநாள் ஒரு வள்ளத்துல மாமாவையும் ஏத்திட்டுப் போனோம். ஜிபிஎஸ்ஸ அவரு திரும்பிக் கூடப் பாக்கல. கணியம் பாத்தாரு. உனக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் கேளு, கரையில ஒரு கோயில் கோபுரம் பின்னால உள்ள மலைக்க ஒரு மடிப்புக்கு நேர வந்தா அது ஒரு கோடு. வேற திசையில ரெண்டு அடையாளம் ஒண்ணுக்கு நேர ஒண்ணு வந்தா அது இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுத புள்ளியில நீ நிக்குத. கணக்கு வாத்தியார் சொல்லித்தர வேண்டாம். கிட்ட இருக்க அடையாளமும் தூர இருக்க அடையாளமும் எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு துல்லியம், வள்ளம் பத்து பதினஞ்சு மீட்டர் விலகினாலே கோபுரம் மடிப்ப விட்டு நகந்திரும். நீவாடு, அதான் நீரோட்டம், இழுக்குததுக்குத் தக்கன கொஞ்சம் மேல போயி நிறுத்தச் சொன்னாரு, பெறவு மடியில இருந்து ஒரு ஈயக் கட்டிய எடுத்தாரு, அடியில ஒரு குழி, குழியில சோப்பு அடைச்சு வச்சிருக்கு. கயித்துல கட்டி இறக்கினாரு. மூணு தடவ சும்மா மணல் ஒட்டி வந்துது. நாலாவது தடவ சோப்புல மணல் இல்ல, செவப்பா ஒரு சின்னத் துண்டு, கடல் விசிறிக்க நுனி. அவரு ஒண்ணும் பேசல, அத என் உள்ளங்கையில வச்சாரு.

அங்க கேமராவ இறக்கினோம். 40 மீட்டர் அகலம் வராது, உயரமும் ஒரு மீட்டர் ஒண்ணர மீட்டர் தான், நீளமா கரைக்கு இணையா ஓடுது, எங்க ரெண்டு கோட்டுக்கும் நடுவுல அழகா ஒளிஞ்சு கிடந்திருக்கு. மேல முழுக்க பஞ்சும் விசிறியும், கல்லுக்க ஓரத்துல கல்றாலுக்க மீசை வெளிய ஆடுது, விளமீன் ஒரு கூட்டம் கேமரா லைட்ட மோந்து பாத்துட்டுப் போகுது. திரும்பி வந்து ரிப்போர்ட்டுல சேத்தோம். பாருக்கு மாமா சொன்ன பேரு எழுதிக் கொடுத்தேன், கண்டுபிடிச்ச ஆளுக்க பேரு தான் அது, செத்து அறுபது வருஷம் ஆகியிருக்கும். அச்சுல வந்தப்போ பேரு இல்ல, "இலக்கு 17"ண்ணு இருந்துது, பேருக்கு அவங்க ஃபாரத்துல கட்டம் கிடையாதாம்.

பழைய கப்பக்காரனும் இதே வேல தான் செஞ்சிருக்கான், ஈயக் குண்டுக்க அடியில மாட்டுக் கொழுப்பு தேய்ச்சு இறக்கி, ஒட்டி வர்ற மண்ணையும் சிப்பியையும் பாத்து மேப்புல ஆழத்துக்குப் பக்கத்துலயே மணல், சேறு, சிப்பிண்ணு எழுதி வச்சான். கொழுப்புக்கு பதிலா சோப்பு, வேற வித்தியாசம் இல்ல.

அந்த மாதிரி கரைக்கு இணையா ஓடுத பாரு எப்படி வந்துதுண்ணும் கேட்டுக்க. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்ன உலகத்துல பனி கூடுதலா உறைஞ்சு கிடந்த காலத்துல கடல் மட்டம் இப்போ உள்ளத விட ஏறக்குறைய 120 மீட்டர் கீழ, நம்ம கணக்குல 65 பாகம். பனி உருகி கடல் ஏறி வரும்போ இடையில நின்னு நின்னு வந்த இடத்துல எல்லாம் பழைய கடப்புறம் உண்டு, அந்த மணல் சுண்ணாம்பு பிடிச்சு இறுகிக் கல்லான இடம் உண்டு, பல பாருகள் அந்த வகை. உடனே குமரிக்கண்டம்ண்ணு கிளம்பாதே மக்கா, கண்டம் ஒண்ணும் முங்கல, முங்கினது ஒரு விளிம்பு. அந்த விளிம்பே பெரிய சொத்து தான். கன்னியாகுமரிக்குத் தெக்க வாட்ஜ் பேங்க்ண்ணு சொல்லுதாங்களே, சுமார் 10,000 சதுர கிலோமீட்டர், அதும் இந்த விளிம்பு தெக்க அகலமா நீண்டு கிடக்கது தான். 1976ல இலங்கையோட போட்ட ஒப்பந்தத்துல அது இந்தியாவுக்குண்ணு ஆச்சு, அதுவரைக்கும் அங்க வந்து மீன் பிடிச்சிட்டிருந்த இலங்கைக் கப்பல்ல ஆறுக்கு மட்டும் மூணு வருஷம் அவகாசம் கொடுத்தாங்க. பாறையும் மணலும் மாறி மாறி கிடக்கு, ரெண்டு பக்கக் கடலும் அங்க கலக்குது, அதான் கலவாயும் விளமீனும் கணவாயும் அப்படி.

ஆனா பழைய ஆட்கள் சொல்லுதது எல்லாம் வேதவாக்குண்ணும் நான் சொல்ல மாட்டேன். மாமா தலைமுறைக்கு பாரு தெரியும், பாருக்கு நடுவுல உள்ள சேறு தெரியாது, அங்க தூண்டில் போட வேண்டிய தேவை இல்லேல்லா. தங்களுக்கு மீன் கிட்டாத இடம் அவங்களுக்கு வெறும் இடம். பாருக்க தலை எங்கண்ணு சொல்லுவாங்க, பரப்பு எவ்வளவுண்ணு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. சோனாருக்கு பரப்பு தெரியும், ஆரு குடியிருக்காண்ணு தெரியாது. இது ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு பகை இல்ல, ஒண்ணுக்குத் தெரியாதது மத்ததுக்குத் தெரியும்.

பழைய ஆட்கள் கிட்ட மட்டும் உள்ள இன்னொண்ணு மாசம். மேப்பு ஒரு நாள் எடுத்த போட்டோ, ஆனா நம்ம கடல் ஆனி ஆடியில வேற கடல். தெக்கு மேக்குக் காத்து காலத்துல அடியில கிடக்குத குளிர்ந்த வெள்ளம் கரையோட ஏறி வரும், அதுல சத்து உண்டு, பிராணவாயு குறைவு, அடிமீன் சிலது இடம் மாறி ஆழம் குறைஞ்ச பக்கம் ஒதுங்கும். ஆலப்புழைப் பக்கம் சாகரை விழும், அலை அடங்கி சேறு கலங்கி நிக்குத அந்த இடம் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும், அத எந்த மேப்புல நிரந்தரமா வரைவ? ஒரே பாருல மாசிக்கு உள்ள மீன் ஆடியில இல்ல. சர்வே நடக்குதது கூடுதலும் கடல் அடங்கின மாசத்துல தான், போட்டு நிக்கணும்லா, அதனால மேப்புல உள்ள உயிரெல்லாம் டிசம்பர் பிப்ரவரி உயிராக்கும்.

நல்லா செஞ்ச ஊரும் உண்டு. நார்வேக்காரன் மாரியானோண்ணு ஒரு திட்டம் 2005ல தொடங்கி இன்னும் நடத்துதான், மொதல்ல மல்டிபீம், அதப் பாத்து எங்கெங்க கேமரா இறக்கணும்ண்ணு தீர்மானம், பெறவு அள்ளு, பெறவு தான் மேப்பு. அதுக்கு முன்ன 2002ல அங்க ரோஸ்ட்ண்ணு ஒரு தீவு பக்கம் 300, 400 மீட்டர் ஆழத்துல வெளிச்சமே எட்டாத குளிர்ல 35 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளப்பாரு கண்டாங்க, அடுத்த வருஷமே அங்க தரையில இழுவை மடி, அதான் டிரால் வலை, போடத் தடை. மேப்பு கிட்டினதால பாரு தப்பிச்ச கதை அது.

நம்ம ஊருல அப்படி நடக்குமாண்ணு தான் உன் கடைசிக் கேள்வி. எனக்கு ரெண்டு மனசு. கலவா இருக்கே, ஒரு பாரப் பிடிச்சா அத விட்டு லேசுல போகாது, கூடுதல் வகையும் மொதல்ல பெண்ணா இருந்து பெரிசானப்பெறவு ஆணா மாறுத ஜாதி, பெரிய மீனப் பூரா பிடிச்சா அந்தப் பாருல ஆண் ரொம்பக் குறைஞ்சு போகும். பாருக்க பாயிண்டு ஒரு தடவ எல்லாருக்க ஜிபிஎஸ்லயும் ஏறினா ஒரு சீசன் போதும். தூண்டில்காரன் பத்து வருஷம் எடுத்தத இழுவை மடி ஒரு வாரத்துல எடுத்துட்டு, கூடவே விசிறியும் பஞ்சும் பிடுங்கிட்டுப் போயிரும். நம்ம பெரிய ஆட்கள் சொந்த மருமகனுக்குக் கூட கணியம் சொல்லிக் கொடுக்காம இருந்தது அல்பத்தனம்ண்ணு சின்ன வயசுல நினைச்சேன், இப்போ நினைக்கல. ஆனா மறுபக்கமும் பாக்கணும். கடலுக்க அடியில எண்ணெய், மண்ணு, துறைமுகம்ண்ணு எவனாவது வந்து "இங்க வெறும் மணல் தான், ஒண்ணும் இல்ல"ண்ணு மஞ்சள் மேப்ப நீட்டும்போ, இல்ல இங்க பாரு உண்டுண்ணு காட்ட உன் கையில ஒண்ணும் இல்லேண்ணா உன் பேச்சு எடுபடாது. 2025 மேயில கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3ங்குத கண்டெய்னர் கப்பல் முங்கி, பிளாஸ்டிக் குருணை நம்ம கடப்புறம் வரைக்கும் ஒதுங்கிச்சுல்லா, அப்போ கண்டெய்னர் விழுந்த இடத்துல முன்ன என்ன இருந்துதுண்ணு காட்ட ஒரு வாழிட மேப்பு கையில இருந்திருந்தா நஷ்டம் கேக்க எவ்வளவு பலம்.

அதனால நான் சொல்லுதது, மேப்பு ஊருக்க கையில இருக்கட்டும். துல்லியமான பாயிண்டு ஊருக்குள்ள, வெளிய கொடுக்கும்போ பெரிய கட்டமா, இந்தக் கட்டத்துல பாரு உண்டு, இன்ன உயிர் உண்டுண்ணு மட்டும். இதுக்கு சட்டத்துல என்ன பலம்ண்ணு வக்கீல் கிட்ட கேக்கணும், ஆனா வேல தொடங்க சட்டம் வேண்டாம்.

நீ உன் புராஜெக்டுக்கு இத எடு. அப்பாவையும் அப்பாவுக்க கூட்டாளி ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வை, சேத்து உக்கார வச்சா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. பாருக்க பேரு, எத்தன பாகம், தலை எந்தப் பக்கம், எந்த மாசம் என்ன மீன், என்ன இரை, தூண்டில் அறுக்குமா வலை கிழியுமா, எல்லாம் எழுது. தூண்டில் அறுத்தா ஓரம் கூரான கல்லு, வலை மட்டும் மாட்டினா மேல ஏதோ வளந்து நிக்குது, இதெல்லாம் தகவல் தான். பெறவு எக்கோவ ஓட்டி ரெண்டாம் கோடு எங்க வருதுண்ணு குறி, கோட்டுக்குக் கோடு 200 மீட்டர் வைக்காத, 25 வை, பரப்பு சின்னதாப் போனாலும் போகட்டும். உங்க டிப்பார்ட்மெண்டுல கிராப் இருந்தா கேட்டுப் பாரு. தரலேண்ணா ஒரு கிலோ ஈயத்துல அடியில குழி வெட்டிக்க. சோப்பு துணி துவைக்குத பார் சோப்பு தான் வேணும், வெயில்ல கொஞ்ச நேரம் வச்சு இளக்கி அடைக்கணும்.